லயத்துச் செவுத்துல கலண்டர் நிக்கவே மாட்டேங்குது, யாராவது ஒரு வழி சொல்லுங்க

கொட்டகலை மக:

வணக்கம் எல்லாருக்கும். விசயம் ரொம்ப சின்னது, சிரிச்சாலும் பரவால்ல, ஆனா வழி சொல்லிட்டு சிரிங்க.

எங்க வீடு பழைய லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, இலங்கை மலைநாட்டுல கொட்டகலைக்கு மேல. கருங்கல்ல மண்ணு வச்சுக் கட்டி சுண்ணாம்பு பூசுன செவரு. வருசா வருசம் தீபாவளிக்கு அது மேலயே சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு இப்ப பொருக்கு பொருக்கா நிக்குது. கலண்டர் மாட்ட ஆணி அடிச்சா ஒண்ணு கல்லுல பட்டு ஆணி வளைஞ்சுக்குது, இல்லேன்னா சோத்துல குத்துன மாதிரி லேசா உள்ள போயிட்டு ரெண்டே நாள்ல உள்ளங்கை அகலத்துக்கு பூச்சையும் கூட்டிக்கிட்டு கீழ வந்துருது. ஜனவரில இருந்து இதுவரைக்கும் அஞ்சு ஓட்ட. ஓட்டைய மறைக்க சாமிப்படம் மாட்டலாம்னு அம்மா சொல்றாங்க, அதுக்கும் ஆணி வேணுமே.

டவுன்ல ஒட்டுற ஹூக் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஒட்டுனேன், பாக்கெட்ல என்னமோ கிலோக்கணக்கு தாங்கும்னு போட்டிருந்துச்சு, மூணாம் நாள் கழண்டு விழுந்துச்சு, திருப்பிப் பாத்தா பின்னாடி வெள்ளையா சுண்ணாம்புத் தோலு அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.

விழுந்தா எடுத்து மாட்டிட்டுப் போக வேண்டியதுதானேன்னு நெனைப்பீங்க. அம்மா கொழுந்து எடுக்கப் போறவங்க. மலையில இருந்து வந்து கூடைய எறக்கி கைகால் கழுவுனதும் மொத வேலையா அந்தத் திகதிக் கட்டத்துல எழுதி வைப்பாங்க, முழுப்பேருன்னா (ஒரு நாள் முழுச் சம்பளம்) ஒரு முழுக்கோடு, அரைப்பேருன்னா பாதிக்கோடு, கீழ கிலோ. ஞாயிறு, போயா (பௌர்ணமி லீவு) வேலைன்னா சுத்தி ஒரு வட்டம். சம்பளச் சீட்டு வந்தா அந்தக் கலண்டர வச்சுத்தான் ஒப்புப் பாப்பாங்க. மே மாசக் கடைசில பெஞ்ச மழைல ராத்திரி கலண்டர் விழுந்து, நேரா தகரம் ஒழுகுற எடத்துல கெடந்திருக்கு, காலைல பாத்தா மாசம் முழுக்க நீலத்தண்ணி. இந்த 10ம் திகதி சீட்டுல ரெண்டு பேரு கொறையுதுன்னு அம்மா சொல்றாங்க. எதக் காட்டிக் கேக்குறது? எந்தத் தோட்டம்னு இங்க போடல, அது வேற சண்ட.

அதனால எனக்கு வேண்டியது ரெண்டு. கலண்டர் விழக்கூடாது. பனிக்கு வெத்தலச் சுருள் மாதிரி சுருளாம இருக்கணும். செவர ஒடைச்சு பூசச் சொல்லாதீங்க, கையில காசு இல்ல. தினமும் கிழிக்கிற கலண்டர் ஒண்ணும் இருக்கு, அதுவும் இதே கததான்.

டவுன் பையன்:

அக்கா போன்ல கலண்டர் ஆப் இருக்கே, அதுல நோட் எழுதலாம், விழவே விழாது 😄

கொட்டகலை மக:

தம்பி அம்மாகிட்ட இருக்கது பட்டன் போன். அதுல நாலாவது பட்டன் வேல செய்யாது. செவுத்துக் கலண்டருக்கே பதில் சொல்லுங்கப்பா.

நோர்வூட் பாஸ்:

தங்கச்சி, மேசன் வேல 20 வருசத்துக்கு மேல செய்யிறேன், லயம் ரிப்பேர் எத்தனையோ செஞ்சிருக்கேன், அந்தச் செவர நான் பாக்காமலே சொல்றேன் உங்க ஆணில தப்பில்ல. அந்தச் செவுத்துல ஆணிக்குப் பிடிமானமே இல்ல. உள்ள உருட்டுக் கல்லு, நடுவுல மண்ணு, மேல ஒரு அங்குலம் சுண்ணாம்புப் பூச்சு. கல்லுல ஆணி எறங்காது. மண்ணுல எறங்கும், ஆனா நிக்காது. சுத்தியல்ல ஓங்கி அடிக்க அடிக்க அந்த அதிர்ச்சில சுத்தி உள்ள பூச்சு கல்ல விட்டுக் கழண்டுரும், அது அன்னைக்கே தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு விழும். நீங்க சொன்னது அதேதான்.

மொதல்ல விரல் மொட்டியால செவரத் தட்டிக்கிட்டே போங்க. டொக் டொக்னு கெட்டியா கேட்டா பூச்சு கல்லோட ஒட்டியிருக்கு. டொப் டொப்னு காலி டின்னத் தட்டுன மாதிரி கேட்டா அங்க பூச்சு தனியா நிக்குது, அந்தப் பக்கமே போகாதீங்க. கெட்டியான எடத்துல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்க சந்தக் கண்டுபிடிக்கணும், மெல்லிசு ஆணிய கையாலயே அழுத்திப் பாத்தா தெரியும், வழுக்கிக்கிட்டு உள்ள போனா அது சந்து.

இப்ப எல்லாரும் டிரில் போட்டு பிளாஸ்டிக் பிளக் வைங்கன்னு சொல்லுவாங்க. சிமெந்துச் செவுத்துக்கு அது சரி. மண்ணுச் சந்துல அந்தச் சின்ன பிளக் பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு நிக்கும். இதுக்குப் பழைய காலத்து மர ஆப்புதான் சரி. தேயிலைச் செடிய கவ்வாத்து பண்ணி வெட்டுன மிலாறுக் குச்சி உங்க வீட்டுலயே அடுப்புக்கு மேல காஞ்சு கெடக்கும், அதுல பெருவிரல் தடிப்புல நல்லா காஞ்ச ஒண்ண எடுத்து அஞ்சு அங்குலத்துக்கு வெட்டிக்குங்க, தேயிலை மரம் நல்ல வைரம். ஒரு பக்கம் லேசா சீவி கூராக்கி, ஆனா பென்சில் மாதிரி கூராக்காதீங்க, கேரட் மாதிரி வரட்டும். சந்துல இருக்க மண்ண பழைய ஸ்குரூ டிரைவரால சுரண்டி ஆப்ப விடக் கொஞ்சம் சின்ன ஓட்டையா எடுத்துட்டு, மெதுவா தட்டித் தட்டி எறக்குங்க. அடிக்காதீங்க, தட்டுங்க. பச்ச மரத்துல ஆப்பு வச்சீங்கன்னா காஞ்சு சுருங்கி ஒரு மாசத்துல கையோட வந்துரும், அதனாலதான் காஞ்சதுன்னு திருப்பித் திருப்பிச் சொல்றேன்.

ஆப்பு எறங்குனதும் செவுத்து மட்டத்துக்கு வெட்டி விட்டுட்டு அதுக்குள்ள ஆணி. ஆணித்தல மேல பாத்து சாஞ்சிருக்கணும், அப்பத்தான் வளையம் வழுக்கி வராது. ஏற்கனவே இருக்க அஞ்சு ஓட்டைக்கும் சிமெந்து அப்பிடாதீங்க, சுண்ணாம்பும் மணலும் கொழைச்சு அடைங்க. சிமெந்து கெட்டி, உங்க செவரு மெது, ரெண்டும் ஒத்துப்போகாது, ஓரத்துல ஈரம் தங்கி அது தட்டா கழண்டு வரும், அப்ப கலண்டரோட போகாது.

ஏழு பேர்ச் வீட்டுக்காரன்:

பாஸ் அண்ணே சொன்னது லயத்துக்கு. எங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்துல 550 சதுர அடி வீடு, புளொக் கல்லு, சிமெந்துப் பூச்சு. இங்க வேற மாதிரி பிரச்சின, சாதா ஆணி வளைஞ்சு பறக்கும், ஒரு தடவ பறந்து என் கண்ணுக்குப் பக்கத்துல போச்சு. கொங்கிரீட் ஆணிதான் வாங்கணும். அடிக்கிற எடத்துல செலோடேப்ப கூட்டல் குறி மாதிரி ஒட்டிட்டு அதுக்கு நடுவுல அடிச்சா பூச்சு சில்லு சில்லா தெறிக்காது.

ஆனா இதக் கட்டாயம் சொல்லணும். புது வீட்டுல வயர் செவுத்துக்குள்ள ஓடுது. சுவிட்ச், பிளக் இருக்க எடத்துக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஆணியே அடிக்காதீங்க, நேரா வயர்தான் இருக்கும். லயத்துல வெளிய கேசிங்ல ஓடுறதால கண்ணுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

ஒட்டுற ஹூக் பத்தி ஒண்ணு அக்கா, உள்ளங்கையால செவரத் தேச்சுப் பாருங்க. கையில வெள்ளையா ஒட்டுனா எந்த ஸ்டிக்கரும் நிக்காது, அது செவுத்துல ஒட்டல, செவுத்து மேல இருக்க பவுடர்ல ஒட்டியிருக்கு. அதே ஹூக்க பெயின்ட் அடிச்ச கதவுலயோ அல்மாரிலயோ ஈரத்துணியால தொடைச்சு நல்லா காய விட்டு ஒட்டி, ஒரு நாள் சும்மா வச்சுட்டு அடுத்த நாள் மாட்டிப் பாருங்க. எங்க வீட்டு குசினிக் கதவுல ரெண்டு வருசமா ஒண்ணு நிக்குது.

ஹப்புத்தளை அக்கா:

எல்லா ஆம்பளைங்களும் செவரப் பாத்தே பேசுறீங்க. கொஞ்சம் தலைய நிமித்தி மேல பாருங்க.

தங்கச்சி நானும் லயத்துல பொறந்து வளந்தவதான். எங்க அம்மாயி காம்பராவுல (அறையில) ஒரு ஆணி கூட செவுத்துல கெடையாது. எல்லாம் மேல இருந்து தொங்கும், கலண்டரு, கண்ணாடி, சீப்பு வச்ச டின்னு, அரிக்கன் லாம்பு, எல்லாம். தகரத்துக்குக் கீழ மரம் ஓடுதுல்ல, அதுல ஒரு ஆணி அடிச்சா நூறு வருசத்துக்கும் நிக்கும், ஆணியே வேண்டாம், மரத்தச் சுத்திக் கயிறு கட்டினாலே போதும். செவரு அதுபாட்டுக்கு உதிரட்டும், நமக்கென்ன.

கயிறுக்கு தங்கூசி வாங்குங்க, மீன் பிடிக்கிறது, ஹாட்வெயார் கடையில கெடைக்கும். நூல் கட்டாதீங்க, நான் கட்டி ஏமாந்தேன், எலி கடிச்சுது, கடிக்காதத புகை தின்னுது, அடுப்புப் பக்கம் நூல் கறுத்து இத்துப்போயிரும். தங்கூசிக்கு அது ஒண்ணும் கெடையாது, ஆனா அடுப்புக்கு நேர் மேல மட்டும் வேண்டாம், சூட்டுக்கு உருகும். இன்னொண்ணு, தங்கூசில ஒரு முடிச்சு போட்டா வழுக்கி அவுந்துரும், ரெண்டு மூணு தடவ சுத்தி முடிச்சு போட்டு நுனிய லேசா நெருப்புல காட்டுங்க, குண்டுமணி மாதிரி உருண்டு நிக்கும், பெறகு அவுறாது.

ஒரே கயித்துல தொங்கவிட்டா கலண்டர் கோயில் ராட்டினம் மாதிரி சுத்தும். ரெண்டு கயிறு விடுங்க, ஒரு சாண் எடைவெளில. கீழ ரெண்டு நுனியையும் ஒரு குச்சில கட்டி, அந்தக் குச்சில கலண்டர மாட்டுங்க. நான் உடுப்பு கிளிப் ரெண்டு போட்டுத் தகரப்பட்டையோட சேத்துப் பிடிச்சு வச்சிருக்கேன், மாசம் மாறுறப்ப கழட்டி மாட்டுறது லேசு. ஓட்ட கிழிஞ்ச கலண்டருக்கும் இந்தக் கிளிப் போதும், ஓட்டையே வேண்டாம்.

ஓட்டைய காப்பாத்தணும்னா பால்மா பேக்கெட் இருக்குல்ல, 400 கிராம் பேக்கெட், அந்த உள்பக்கம் வெள்ளிக் கலர்ல இருக்க தாள ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கலண்டர் தலைப்புல முன்னாலயும் பின்னாலயும் மடிச்சு வச்சு, நடுவுல ஒரு ஈக்குச்சியையும் வச்சு ஊசி நூலால நாலு தையல் போட்ருங்க. செலோடேப் மட்டும் ஒட்டுனா பனிக்கு ஓரம் கெளம்பி அதுல தூசி ஒட்டி அசிங்கமா வரும், பால்மாத் தாள் கிழியவே கிழியாது, பல்லால கடிச்சுத் தெறந்தவங்களுக்குத் தெரியும்.

எங்க பக்கம் இப்ப காத்துக் காலம், உங்களுக்கு மழ. எங்களுக்கு ஐப்பசிக்குப் பெறகுதான் நீங்க இப்ப படுற பாடு வரும்.

கொட்டகலை மக:

அக்கா இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க, மேல மரத்துல எங்க தாத்தா காலத்து ஆணியே ரெண்டு இருக்கு, இப்பத்தான் லைட் அடிச்சுப் பாத்தேன். ஆனா ஒரு சந்தேகம். தொங்கிக்கிட்டு இருந்தா அம்மா எழுதுறப்ப ஆடுமே, அவங்க ஒரு கையில பென் புடிச்சு செவுத்துல அழுத்தித்தான் எழுதுவாங்க. கண்ணு வேற கொஞ்சம் மங்கல்.

ஹப்புத்தளை அக்கா:

பின்னாடி அட்ட வைங்க. பிஸ்கட் வர்ற பெரிய பெட்டி கடையில சும்மா கேட்டா தருவாங்க, கலண்டர் அளவுக்கு வெட்டி அதையும் அதே கிளிப்ல சேத்துப் பிடிச்சுருங்க, எழுதுற பலகை மாதிரி ஆயிரும். அம்மா எடது கையால அட்டைய ஓரத்துல பிடிச்சுக்கட்டும். எங்க அம்மா அப்படியே கழட்டி மடியில வச்சு எழுதிட்டுத் திரும்ப மாட்டுவாங்க. அவங்க அவங்க வசதி.

கம்போசிங் தாத்தா:

பிள்ளைகள் நல்லாத்தான் சொல்றாங்க. எனக்கு செவரப் பத்தித் தெரியாது மகள், பேப்பரப் பத்திக் கொஞ்சம் தெரியும். கண்டியில ஒரு அச்சகத்துல 30 வருசத்துக்கு மேல இருந்தேன், ஐப்பசி பொறந்தா கலண்டர் வேல, மார்கழி முடியிற வரைக்கும் தூக்கம் கெடையாது.

சுருளுறது ஏன்னா, கடைக்காரங்க குடுக்குற கலண்டர்ல நெறைய தாள் முன்பக்கம் பளபளன்னு இருக்கும், பின்பக்கம் சொரசொரன்னு இருக்கும். பளபளப்புக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, அது ஈரத்த சீக்கிரம் உள்ள விடாது. சொரசொரப்புப் பக்கம் பனிய உறிஞ்சி நாரு ஊதி விரியும். பின்னால விரியுது முன்னால விரியல, அப்ப தாள் என்ன செய்யும், முன்பக்கமா சுருளும். நீங்க வெத்தலச் சுருள்னு சொன்னது அதுதான். செவரு ஈரமா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா அந்தச் சொரசொரப்புப் பக்கம்தானே செவுத்துல ஒட்டிக்கிட்டு கெடக்கு. கீழ ஒரு தகரப்பட்ட அடிப்பாங்க பாருங்க, அது அழகுக்கு இல்ல, இழுத்துப் பிடிக்கிற பாரத்துக்கு. இப்ப காசு மிச்சம் பிடிக்க மேல மட்டும் அடிச்சுட்டு கீழ விட்டுர்றாங்க. அப்படிப்பட்டதுக்கு கீழ ஓரத்துல ரெண்டு உடுப்பு கிளிப் மாட்டி விட்டாலே பாதி சரியாயிரும், இல்லேன்னா வெளக்குமாத்து ஈக்கு நாலஞ்சு சேத்துக் கட்டி அடியில மடிச்சு ஒட்டிருங்க.

செவரையும் தாளையும் பிரிச்சு வைங்க. அந்தப் பிள்ள சொன்ன மாதிரி தொங்கவிட்டா தானாவே பிரிஞ்சு நிக்கும். செவுத்துலதான் மாட்டணும்னா பின்னாடி நாலு மூலைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டு, இல்ல பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒரு ரூபாக் காசு அளவுக்கு வெட்டி ஒட்டிருங்க, காத்து போக எடம் இருந்தா பூஞ்சணம் பிடிக்காது. மழ அடிக்கிற பக்கத்துச் செவுத்துல மாட்டவே வேண்டாம், ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல இருக்க செவுத்துப் பக்கமா வைங்க, அது எப்பவும் காஞ்சிருக்கும்.

எல்லாரும் ஆணியப் பத்தியே பேசுறாங்க, உங்க அம்மாவுக்குக் கணக்குப் போனது ஆணியால இல்ல மகள், பென்னால. நீலத்தண்ணியா ஓடுச்சுன்னு சொன்னீங்க, அது ஜெல் பென்னா இருக்கும், நெறைய ஜெல் பென் மை தண்ணில கரையிற மை. சாதா போல் பென் மை எண்ணெய் மாதிரி, தண்ணி பட்டா அவ்வளவு லேசுல ஓடாது. எல்லாத்துக்கும் மேல பென்சில். பென்சில் எழுத்து தண்ணிக்குள்ள கெடந்தாலும் கரையாது, தாள் கிழிஞ்சாத்தான் போகும். ஆனா அழிச்சு எழுதிட்டீங்கன்னு எதிர்ப்பக்கம் சொல்லலாம், அதனால சம்பளக் கணக்குக்கு போல் பென்னே நல்லது.

கலண்டர்ல வட்டம் போடுறதுன்னதும் எனக்குப் பழசு ஞாபகம் வந்துருச்சு. 1966ல இருந்து 1971 வரைக்கும் நம்ம நாட்டுல சனி ஞாயிறு லீவு கெடையாது, போயாவும் அதுக்கு முந்தின நாளும்தான் லீவு. அதுவும் இப்ப மாதிரி மாசம் ஒரு பௌர்ணமி மட்டும் இல்ல, அமாவாசை, வளர்பிறை அட்டமி, தேய்பிறை அட்டமின்னு நாலையும் கணக்குல எடுத்தாங்க. நிலாவோட நடை ஏழு நாளுக்குள்ள சரியா அடங்காதே, ஒரு வாரம் நீளும், ஒரு வாரம் குறையும். நான் அப்ப பள்ளிக்கூடப் பையன், செவுத்துக் கலண்டரப் பாக்காம நாளைக்கு பள்ளிக்கூடம் இருக்கா இல்லையான்னு எவனுக்கும் தெரியாது. வீட்டுல ஒரு கலண்டர் விழுந்து கிழிஞ்சா பக்கத்து வீட்டுக்கு ஓடணும்.

டவுன் பையன்:

தாத்தா சூப்பர். அப்ப ஒரு கேள்வி, எங்க வீட்டுல 2015 கலண்டர் ஒண்ணு இருக்கு, படம் நல்லாருக்குன்னு அம்மா தூக்கிப்போடல. அது இந்த 2026க்கு அப்படியே பொருந்துதுன்னு ஒருத்தன் சொன்னான், பாத்தா நெசமாவே ஜனவரி 1 வியாழக்கெழமதான் ரெண்டுலயும். அதையே மாட்டலாமா?

கம்போசிங் தாத்தா:

கெழமையும் திகதியும் பொருந்தும் தம்பி, ரெண்டும் வியாழக்கெழம தொடங்குற 365 நாள் வருசம். ஆனா போயா பொருந்தாது, தீபாவளி பொருந்தாது, ராகு காலம் மட்டும் பொருந்தும் ஏன்னா அது கெழமையப் பாத்துத்தான். அந்தக் கலண்டர நம்பி போயாவுக்கு பஸ் ஏறிப் போய் பூட்டுன வங்கி வாசல்ல நின்னுறாத. படத்த மட்டும் வெட்டி மாட்டு.

நோர்வூட் பாஸ்:

ஐயா சொன்ன ரப்பர் செருப்பு விசயம் தினக் கலண்டருக்கும் வேணும். தங்கச்சி அதக் கேட்டாங்க, நான் விட்டுட்டேன். தினக் கலண்டர் ஏன் விழுதுன்னா அது பாரத்தால இல்ல, வருசத்துக்கு 365 தடவ நாம அத கீழ பாத்து வெடுக்குனு இழுக்குறோம், எந்த ஆணி தாங்கும். எடது கைப் பெருவிரலால கட்டுக்கு மேல கம்பி அடிச்ச எடத்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வலது கையால ஓரத்துல இருந்து மேல பாத்துக் கிழிங்க, ஆணிக்கு வேலையே இல்ல. அட்டைக்குப் பின்னாடி கீழ்ப்பக்கம் செருப்புத் துண்டு ரெண்டு ஒட்டிட்டா ஆடாது. வீட்டுல சின்னப் பிள்ளைக இருந்தா கொஞ்சம் ஒசரமாவே மாட்டுங்க, எங்க வீட்டுல ஒருத்தன் ஒரே நாள்ல ஆடி மாசத்துக்குப் போயிட்டான்.

இன்னொரு விசயம், கலண்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா செவரத் தட்டிப் பாக்கச் சொன்னது நான், அதனால நானே சொல்லிர்றேன். பூச்சு பொருக்கு பொருக்கா உரியிறது பழைய லயத்துல சகஜம், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா மழ நாள்ல செவுத்துலயோ தரையிலயோ புதுசா வெடிப்பு ஓடுது, நேத்து வரைக்கும் லேசா சாத்துன கதவு இன்னைக்கு இறுகுது, மேட்டுல மரம் சாயுது, இல்லேன்னா தண்ணி இல்லாத எடத்துல இருந்து திடீர்னு சேத்துத்தண்ணி ஊறுதுன்னா அது மண் சரியப் போற அறிகுறி. அப்ப கலண்டரு, அல்மாரி எதையும் பாக்காம புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டு கிராம சேவகருக்கு சொல்லுங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு அடிங்க. வெடிப்ப மறைக்க அது மேல கலண்டர் மாட்டி வச்சிருந்த வீட்ட நான் பாத்திருக்கேன். அதனாலதான் சொல்றேன்.

ஏழு பேர்ச் வீட்டுக்காரன்:

அக்கா சம்பள விசயத்துக்கு ஒண்ணு. வாரத்துக்கு ஒருக்கா அந்தக் கலண்டர் பக்கத்த உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஞாயித்துக்கெழம ராத்திரி எடுக்குறதுன்னு ஒரு பழக்கமா வச்சுக்குங்க. போட்டோவுக்கு எடுத்த நாளும் பதிஞ்சிருக்கும். கலண்டர் தண்ணில போனாலும் கணக்கு போகாது. எங்க அம்மா வேல செஞ்ச காலத்துல இது தெரியாம எத்தன பேரு போச்சோ.

கொட்டகலை மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வந்து சொல்றேன்னு சொல்லாமலே போயிட்டேன், நாலு நாளா கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு.

ஹப்புத்தளை அக்கா சொன்னதத்தான் மொதல்ல செஞ்சேன். தாத்தா காலத்து ஆணில ஒண்ணு துருப்பிடிச்சு கையோட வந்துருச்சு, மத்தது நல்லா இறுக்கமா இருக்கு, அதுல ஒரு தங்கூசி, பக்கத்துல மரத்தச் சுத்தி இன்னொண்ணு. மொத முடிச்சு அவுந்து கலண்டர் என் தலையிலயே விழுந்துச்சு, நுனிய நெருப்புல காட்டச் சொன்னத அதுக்குப் பெறகுதான் செஞ்சேன். குச்சிக்கு பழைய குடைக்கம்பி, பின்னாடி பிஸ்கட் பெட்டி அட்ட, கீழ ரெண்டு உடுப்பு கிளிப். மூணு நாள் அடை மழ, ஓரம் லேசா வளைஞ்சிருக்கு, ஆனா சுருளல. நடுச்செவுத்துப் பக்கமா மாத்திட்டேன், அங்க தகரம் ஒழுகாது.

அம்மாவுக்கு மொத நாள் பிடிக்கல. செவுத்துல இருக்க வேண்டியது ஏன் தூக்குல தொங்குதுன்னு கேட்டாங்க. ரெண்டாம் நாள் அட்டையோட கழட்டி அடுப்புக்கிட்ட உக்காந்து மடியில வச்சு எழுதுனாங்க, அங்க வெளிச்சம் நல்லாருக்காம். இப்ப போல் பென் ஒண்ண நூல்ல கட்டி குடைக்கம்பிலயே தொங்கவிட்டிருக்காங்க, யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு. கூடவே கரண்ட் பில்லு, கிளினிக் கொப்பி, கடைக்காரர் குடுத்த துண்டு எல்லாத்தையும் உடுப்பு கிளிப்ல மாட்டி வச்சிருக்காங்க, பாக்க மளிகைக் கடை மாதிரி இருக்கு.

மே மாசத் தாள காய வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன் தாத்தா, மை போன எடத்துலயும் பென் அழுத்துன தடம் லேசா தெரியுது, அம்மா நல்லா அழுத்தி எழுதுவாங்கன்னு சொன்னேன்ல. 19ம் திகதியும் 22ம் திகதியும் முழுக்கோடு தடம் இருக்கு. சாஞ்ச வெளிச்சத்துல போட்டோ எடுத்து வச்சிருக்கேன், திங்கக்கெழம அம்மாவும் நானும் கொண்டுபோய் காட்டப் போறோம்.

தினக் கலண்டர் இன்னும் மேசையிலதான் கெடக்கு. மிலாறு ஒண்ணு எடுத்து சீவ ஆரம்பிச்சேன் பாஸ் அண்ணே, கேரட் மாதிரி வரல, முருங்கக்கா மாதிரி வந்திருக்கு. இன்னொண்ணு எடுக்கணும்.